எதிரிக்குக் கொழுத்த மீன்

அவன் தூங்க வேண்டும்.

வீட்டுக்குப் போய்ப் பாயை விரித்துத் தூங்குகிற தூக்கம் இல்லை. ஐஸ் பிளாண்டின் மெஷின் ரூமில், பிரஷர் மீட்டருக்கு நேர் எதிரே, நாற்காலியில் சரிந்து, வாயைப் பிளந்து, குறட்டை விட்டுத் தூங்க வேண்டும். முதலாளியம்மா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வர வேண்டும். மீன் கொட்டகை மொத்தமும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்க வேண்டும். யாராவது ஒருத்தர் சிரிக்க ஆரம்பித்தால் போதும், மற்றதைக் கொட்டகை பார்த்துக்கொள்ளும்.

வெட்டுக்காரி இந்தப் படத்தை மனசுக்குள் தினமும் ஓட்டினாள். கத்தி ஒரு பக்கம் கானாங்கெளுத்தியின் வயிற்றைக் கீறிக்கொண்டு போகும், படம் ஒரு பக்கம் ஓடும். குடலை வழித்து வாளியில் போடும்போது சூப்பர்வைசரின் தலை தொங்கும். தண்ணீரில் அலசும்போது முதலாளியம்மா கதவைத் தள்ளுவார். அடுத்த மீனை எடுக்கும்போது மறுபடி முதலிலிருந்து.

"என்னடி தனியா சிரிக்கிறே, பேய் பிடிச்சவ மாதிரி?" என்பாள் பக்கத்துப் பலகை ரேடியோ அக்கா. கொட்டகைச் செய்தியை ஊருக்கும் ஊர்ச் செய்தியைக் கொட்டகைக்கும் ஒலிபரப்புவதால் அந்தப் பேர்.

"மீன் கிச்சுகிச்சு மூட்டுது அக்கா."

மீன் வெட்டும் கொட்டகைக்கும் ஐஸ் பிளாண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். கம்ப்ரசர் ஓடும் அதிர்வு அந்தச் சுவர் வழியாக வந்து, வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களின் முதுகுத் தண்டில் ஏறும். புதிதாக வந்தவளுக்குப் பல்லெல்லாம் ஆடும். பழகியவளுக்கு அது நின்றால்தான் கவனம் கலையும். அந்த மெஷினை ஓட்டியவன் வெட்டுக்காரியின் புருஷன். எல்லோருக்கும் மெஷின்காரர். கம்ப்ரசர் மூச்சு வாங்கும் விதத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். சுவருக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள். நடுவில் அந்த அதிர்வு. கல்யாண வாழ்க்கையில் பாதி அப்படித்தான் போயிற்று.

போன வருஷக் கோடையில் ஒரு நாள் மத்தியானம் அந்த அதிர்வு திடீரென்று முரடாயிற்று. பிறகு சுவரின் மேல் சந்து வழியாக அமோனியா வாடை வந்தது. கண்ணில் மிளகாயைத் தேய்த்த மாதிரி எரிச்சல். பெண்கள் கத்தியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார்கள். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போன ஆட்கள் மெஷின்காரரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஐஸ் பாளத்தை மூடுகிற சாக்குக் குவியல் மேல் நீட்டி நிமிர்ந்து கிடந்தானாம். அன்றைக்கு வந்த லோடு மொத்தமும் வாடை ஏறிக் குப்பைக்குப் போயிற்று. ஐஸ் தூக்குகிற ஆள் ஒருத்தனுக்கு நெஞ்சு கெட்டு, இன்னமும் இருமிக்கொண்டிருக்கிறான்.

முதலாளியம்மாவிடம் முதலில் போய் நின்றது சூப்பர்வைசர்தான். நான் ஒரு ரவுண்டு போய்விட்டு வருகிறேன், அம்மா, அதற்குள் மீட்டரைப் பார்க்காமல் சாக்கில் படுத்துத் தூங்கிவிட்டான் என்றான். சாக்கில் கிடந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதற்கு மேல் சாட்சி எதற்கு? ஆஸ்பத்திரியில் கண் திறந்தவனுக்கு அன்றைக்குச் சாப்பிட்ட தட்டைக் கழுவியது வரைதான் ஞாபகம். அப்புறம் வெள்ளைக் கூரை. நடுவில் ஒன்றுமே இல்லை.

வேலை போயிற்று, மீட்டரைப் பார்க்கிற நாற்காலி சூப்பர்வைசருக்கே வந்தது. அது கூடப் பரவாயில்லை. மெஷின்காரர் என்ற பேர் போய், தூங்குமூஞ்சி என்ற பேர் வந்தது. கடைத்தெருவில், முடிவெட்டும் கடையில், பஸ் நிறுத்தத்தில் எல்லாம் அந்தப் பேர்தான். வேறு பிளாண்டுகளில் வேலை கேட்டுப் போனால், இவன் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பேர் உள்ளே போய் உட்கார்ந்திருந்தது.

இதில் பெரிய கொடுமை, அந்தத் தூங்குமூஞ்சிக்குத் தூக்கமே கிடையாது. விளக்கணைத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வான். கண் லேசாகச் சொருகினால் பதறிப்போய்த் தொடையைக் கிள்ளிக்கொள்வான். தொடையெல்லாம் நீலம் பாரித்திருந்தது. ஒரு நாள் அவளிடம் கேட்டான்:

"நான் தூங்கித்தான் இருப்பேனோ?"

"பைத்தியமா உங்களுக்கு? மெஷின் முன்னாடி நீங்க கண்ணைச் சிமிட்டக்கூட யோசிப்பீங்களே."

"அதெல்லாம் சரி. ஆனா எனக்கு ஞாபகம் இல்லையே. தூங்கினவனுக்குத்தானே ஞாபகம் இருக்காது?"

அன்றைக்குத்தான் அவளுக்குள் அது முளைத்தது. வேலையைப் பிடுங்கினான், பேரைப் பிடுங்கினான், இப்போது இந்த மனுஷனுக்குத் தன் மேலேயே சந்தேகம் வரும்படி செய்துவிட்டான். சூப்பர்வைசரைச் சும்மா விடப்போவதில்லை என்று அவள் முடிவு செய்துகொண்டாள். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி காட்டியது, கொட்டகைப் பெண்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ்.

அந்த நர்ஸ் நிறையச் சொன்னாள். மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய்ச் சத்துள்ள மீனை வாரத்தில் ஓரிரண்டு தடவையாவது சாப்பிடச் சொன்னாள். இதயத்துக்கு நல்லது, மனசு கொஞ்சம் தெளிவாக இருக்கும், சிலருக்குத் தூக்கமும் சீராகும் என்றாள். இது மாத்திரை இல்லை, மாசக்கணக்கில் சாப்பிட்டால்தான் ஏதாவது தெரியும், எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்றும் சொல்ல முடியாது என்றாள். இதையெல்லாம் ரேடியோ அக்கா காதில் வாங்கினாள். வெட்டுக்காரி காதில் ஒரே ஒரு வார்த்தைதான் விழுந்தது. தூக்கம்.

மீன் தின்றால் தூக்கம் வரும். கொழுத்த மீன் தின்றால் கொழுத்த தூக்கம் வரும். மத்தியானம் தின்றால் மத்தியானமே வரும். வாழ்நாளெல்லாம் மீனோடு கிடந்தவளுக்கு இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. மத்தியானம் ஐஸ் பிளாண்டின் பின்கட்டில் பொது அடுப்பு எரியும். கூடையில் ஒதுங்கிய மீனைப் பெண்கள் சுட்டுத் தின்னலாம். அதில் ஒரு தட்டு சூப்பர்வைசருக்கு. யார் வைத்தது இந்தச் சட்டம் என்று யாருக்கும் தெரியாது, மீறினால் மறுநாள் முள் அதிகமான கூடை உன் பலகைக்கு வரும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தட்டைத் தள்ளிவிட ஆள் தேடிக்கொண்டிருந்த கொட்டகையில், வெட்டுக்காரி தானாகக் கையை உயர்த்தினாள்.

"இனிமே அண்ணன் தட்டை நான் பார்த்துக்கறேன்."

ரேடியோ அக்காவின் கையிலிருந்த மீன் நழுவி வாளியில் விழுந்தது.

அதற்குப் பிறகு அவள் மீன் பொறுக்கிய அழகைப் பார்த்திருக்க வேண்டும். சினை விட்டு இளைத்த மீனைத் தொட்டாலே தெரியும். வயிறு பை மாதிரி தொங்கும், சதை நார் நாராகப் பிரியும். கொழுத்த மீன் அப்படி இல்லை. முதுகு உருண்டு திரண்டு, கீறினால் வெள்ளைக் கொழுப்பு கத்தியில் ஒட்டும், சோப்பு போட்டால்தான் கை வழவழப்பு போகும். கூடை கூடையாகப் புரட்டி, அதிலும் உருண்டையானதாக எடுப்பாள். உப்பும் மிளகும் தடவித் தணலில் வைத்தால் எண்ணெய் சொட்டிச் சொட்டி நெருப்பு சீறும். அந்தச் சீற்றம் அவளுக்குப் பிடித்திருந்தது. தின்னுடா, தின்னு. கண்ணு சொக்கத் தின்னு.

"சாப்பிடுங்க அண்ணே. இன்னொண்ணு வைக்கட்டுமா?"

அவனுக்கு முதலில் பயம்தான். விஷம் வைத்திருப்பாளோ என்று ஒரு ஓரத்தைப் பிய்த்துப் பூனைக்குப் போட்டுப் பார்த்தான். பூனை தின்றுவிட்டு அவளையே சுற்றி வந்தது. அவனும் தின்றான். அதுவரை மத்தியானம் டீயும் பொரித்த பலகாரமுமாக ஓட்டிக்கொண்டிருந்தவன், அதை விட்டான்.

வீட்டுக்கு அவள் கொண்டுபோனது மிச்சம். இளைத்தது, நசுங்கியது, தலை.

தட்டு கொடுத்துவிட்டு, ஏதாவது சாக்குச் சொல்லி மெஷின் ரூம் ஜன்னல் பக்கம் போவாள். முதல் வாரங்களில் அவன் கண் நன்றாகவே சொக்கியது. தலை ஆடும், திடுக்கிட்டு நிமிரும். ஆனால் முதலாளியம்மா வருகிற நேரமாகப் பார்த்து அவன் எழுந்து நடப்பான். பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் கொழுத்ததாகப் போடுவோம் என்று திரும்பிவிடுவாள்.

மழை வந்து ஓய்ந்தது. அவன் தூங்கவில்லை. தூங்காதது மட்டுமா, நாளாக ஆகக் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்புப் பை காணாமல் போயிற்று. முகம் தெளிந்தது. மத்தியானத்தில் நாற்காலியில் உட்காருவதே இல்லை, விசில் அடித்துக்கொண்டு பிளாண்டைச் சுற்றினான். பெண்களைத் திட்டுவது குறைந்தது. ஒருத்தியிடம் பிள்ளையின் காய்ச்சலைப் பற்றி விசாரித்தானாம். மீன்தான் காரணமோ, பலகாரத்தை விட்டதோ, யார் கண்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் அவனுக்குப் பத்து வயசு குறைந்துவிட்டது என்றார்கள்.

"உன் கைப்பக்குவம்டி. எதிரியைப் போய் மாப்பிள்ளை மாதிரி ஆக்கி வச்சிருக்கே" என்றாள் ரேடியோ அக்கா. சொன்னதோடு நிற்பாளா? அன்று சாயங்காலமே ஒலிபரப்பு வீடு வரை போய்விட்டது.

அவள் உள்ளே நுழைந்தபோது புருஷன் அடுப்படியில் உட்கார்ந்து, முந்தின நாள் மீன் தலையில் சதை தேடிக்கொண்டிருந்தான். நிமிராமலே கேட்டான்.

"அவனுக்கு நீதான் ஆக்கிப் போடறியாமே."

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"பொறுக்கிப் பொறுக்கிப் போடறியாமே. எனக்கு முள்ளு, அவனுக்குச் சதையா? நான் தூங்கினேன்னு நீயும் நம்பிட்டே, அதானே? சொல்லிடு. வெளியில எல்லாரும் சொல்லிட்டாங்க, நீ ஒருத்திதான் பாக்கி."

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நர்ஸ் சொன்னதை, தான் கேட்டதை, ஜன்னலில் நின்றதை, மனசுக்குள் ஓட்டும் படத்தைக்கூட. சொல்லச் சொல்ல அவளுக்கே அது சிறுபிள்ளைத்தனமாகத் தெரிந்தது. அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறானோ என்று பயந்தாள். சிரிப்பு. அந்த வீட்டில் வெகு நாளாகக் கேட்காத சத்தம்.

"மீனைப் போட்டு மயக்கப் பார்த்தியா அவனை? அது என்ன மயக்க மருந்தா?"

"சிரிக்காதீங்க. வயிறு எரியுது எனக்கு."

சிரிப்பு நின்றது. கையிலிருந்த மீன் தலையைத் தட்டில் வைத்துவிட்டு, அவன் மெதுவாகச் சொன்னான்: "சரி, அவன் தூங்கினான்னே வை. மாட்டிக்கிட்டான்னே வை. அதனால நான் அன்னைக்குத் தூங்கலைன்னு ஆயிடுமா?"

இவ்வளவு காலம் அவள் கத்தியைத் தப்பான மீனில் வைத்திருந்தாள்.

மறுநாள் சூப்பர்வைசர் தட்டுக்கு அவள் மீன் சுடவில்லை. அன்றைக்கு வந்த கானாங்கெளுத்தியில் உருண்டையானதாகப் பார்த்து எடுத்து, ஐஸ் தூளில் புதைத்து, வீட்டுக்கு என்று தன் பலகைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மத்தியானம் தாண்டியது. பெரிய லோடு வந்திருந்ததால் முதலாளியம்மாவே கொட்டகைக்குள் வந்து, மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் சூப்பர்வைசர் பின்கட்டிலிருந்து வந்தான்.

"என்ன தங்கச்சி, இன்னைக்குத் தட்டே வரலை?"

முதலாளியம்மா திரும்பினார். "என்ன தட்டு?"

கொட்டகையில் கத்திகள் கொஞ்சம் மெதுவாயின. ஓசிச் சாப்பாடு விஷயம் மேலே போனதே இல்லை. சூப்பர்வைசர் ஒரு நொடி தடுமாறினான். ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்த மூளை அல்லவா, சட்டென்று வேலை செய்தது. அது சாப்பாடு இல்லைம்மா, மருந்து என்றான். எனக்குத் தூக்கமே வராது, இந்தத் தங்கச்சிதான் எண்ணெய் மீனாகப் பார்த்துக் கொடுத்துக் குணப்படுத்தினாள் என்றான்.

முதலாளியம்மா செவுளை விட்டார். தனக்கும் தூக்கம் கிட்ட வருவதில்லை, மாத்திரை போட்டாலும் கண் மூட மாட்டேன் என்கிறது என்று அலுத்துக்கொண்டார். "நிஜமாவே மீன்லயா சரியாச்சு? அவ்வளவு மோசமாவா இருந்தது உனக்கு?"

அங்கேதான் அவனுக்கு வழி வழுக்கியது. முதலாளியம்மாவே குறையைச் சொல்லி யோசனை கேட்கிறார். சுற்றிலும் பெண்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டான்.

ராத்திரியெல்லாம் முழித்திருந்து பகலில் தூங்கித் தூங்கிச் சாமியாடுவானாம். பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, டிப்போவில் கண்டக்டர் தட்டி எழுப்புவாராம். பெண்கள் சிரித்தார்கள். முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்து, தலை சாய்ந்து, காது நுனி கத்தரியில் மாட்டியதாம். காதைத் திருப்பித் தழும்பைக் காட்டினான். முதலாளியம்மாவே சிரித்துவிட்டார்.

வெட்டுக்காரி சிரிக்கவில்லை. அவள் கை நின்றுவிட்டது. பகலில் தூங்குகிறவன். எங்கே வேண்டுமானாலும் தூங்குகிறவன். அவளுக்குள் என்னவோ கூராக நிமிர்ந்தது. கத்தியை மெல்லப் பலகையில் வைத்துவிட்டு, எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தாள்.

"இவ்வளவுதானா அண்ணே? பஸ்ல எல்லாரும்தான் தூங்கறோம். இதைப் போய்ப் பெருசா சொல்றீங்க."

"இவ்வளவுதானாவா? அட நீ வேற. இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன் தங்கச்சி. ஒரு தடவை அமோனியா வாடை மூக்குல ஏறித்தான் முழிச்சேன்னா பார்த்துக்கோயேன்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவன் ஒருத்தன்தான் சிரித்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ குழாயை மூடினார்கள். ரேடியோ அக்காவின் வாய் திறந்தது, திறந்தபடியே இருந்தது.

வெட்டுக்காரி எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

"நம்ம பிளாண்ட்ல அமோனியா எத்தனை தடவை கசிஞ்சிருக்கு அண்ணே?"

அவன் வாயில் மிச்சச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அது போகிற வழி தெரியாமல் அங்கேயே நின்றது.

"நான் சும்மா, விளையாட்டுக்கு..."

"ஒரே தடவைதான் கசிஞ்சது. எங்க வீட்டுக்காரரைத் தூக்கிட்டு வந்தாங்களே, அந்தத் தடவை. நீங்க ரவுண்டு போயிருந்தீங்க அண்ணே. நடந்துகிட்டே எப்படித் தூங்கினீங்க?"

அவன் முதலாளியம்மாவைப் பார்த்தான். அவர் சிரிப்பைத் துடைத்து வைத்துவிட்டிருந்தார். "முழுசா சொல்லு" என்றார். "இங்கேயே சொல்லு. இவங்க எல்லாரும் அன்னைக்கு ஓடினவங்க."

துண்டு துண்டாக வந்தது. ஐஸ் உறைய வைக்கிற டேங்கில் ஆள் இல்லை என்று மெஷின்காரரை அங்கே அனுப்பியது இவன்தான். மீட்டரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதும் இவன்தான். உட்கார்ந்ததும் கண் சொருகிவிட்டது, பிரஷர் ஏறியது தெரியவில்லை. வாடை ஏறி முழித்தபோது மெஷின்காரர் டேங்கிலிருந்து ஓடி வந்து வால்வைத் திருகிக்கொண்டிருந்தான். சாக்குக் குவியல் வால்வுக்குக் கீழேதான் இருக்கிறது. முக்கால்வாசி மூடியவன் மூச்சுத் திணறி அதன்மேல் சாய்ந்துவிட்டான். மிச்சத்தை இவன் எட்டி மூடிவிட்டு வெளியே ஓடினான்.

"அவர் ஓடி வந்து மூடாம இருந்திருந்தா?" என்று முதலாளியம்மா கேட்டார்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஐஸ் தூக்குகிற அந்த இருமல்காரன் கொட்டகை வாசலில் வந்து நின்றிருந்தான். பதிலை அவன் இருமல் சொல்லிற்று.

முதலாளியம்மா கணக்காகத்தான் பேசினார். மெஷின்காரருக்கு நாளையிலிருந்து வேலை. இவனுக்கு இன்றிலிருந்து கேட் மூடல். "அவர்கிட்டப் போய் நில்லு. வரலாம்னு அவர் வாயால சொன்னா, ஐஸ் தூக்க வா. சொல்லாத வரைக்கும் இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதே."

வெட்டுக்காரி மற்றதைக் கேட்க நிற்கவில்லை. மீன் பையை அள்ளிக்கொண்டு ஓடினாள். வீட்டில் அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தொடையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"நீங்க தூங்கலை."

அவன் புரியாமல் பார்த்தான். மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். டேங்கிலிருந்து ஓடி வந்தது, வால்வு, சாக்கு. சொல்லி முடித்ததும் மறுபடி சொல்லச் சொன்னான். மறுபடி சொன்னாள்.

"முக்கால்வாசி மூடினேனா?"

"அவனே சொன்னான். எல்லார் முன்னாடியும்."

"அந்த வால்வு இறுக்கமா இருக்கும்" என்றான் அவன். "ரெண்டு கையும் போட்டாத்தான் சுத்தும்." சொல்லிவிட்டுத் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான், வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி.

மீனைச் சுட்டு வைத்தாள். முழு மீன், நடுச்சதை. கொழுப்பு விரலில் வழிய வழியத் தின்றான். கை கழுவிவிட்டு, கதவைச் சாத்தாமல், தெருவில் போகிற வருகிற எல்லோரும் பார்க்கும்படி, நடு அறையில் தலையணையைப் போட்டுப் படுத்தான். கையை மடக்கிக் கண்மேல் வைத்தான். கொஞ்ச நேரத்தில் அந்தக் கை தானாகச் சரிந்து தரையில் விழுந்தது. கிள்ளிக்கொள்ளவில்லை. மீன் ஒரு வேளையில் இதைச் செய்யாது என்பது இப்போது அவளுக்குத் தெரியும். நர்ஸ் சொன்ன மாசக்கணக்கு இனிமேல்தான் ஆரம்பம். இன்றைக்கு வந்த தூக்கம் வேறு.

சாயங்கால வெயில் இன்னும் இறங்கவில்லை. வாசலில் நிழல் விழுந்தது. சூப்பர்வைசர். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. பின்னால் தெருமுனையில் ரேடியோ அக்கா, அவளுக்குப் பின்னால் பாதிக் கொட்டகை.

"தங்கச்சி, அவரை ஒரு நிமிஷம் பார்க்கணும். ஒரே ஒரு வார்த்தை. பிள்ளை குட்டிக்காரன்மா நான்."

அவள் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். உள்ளே குறட்டை மெல்ல ஆரம்பித்து, ஏறி, ஒரு சீராக ஓட ஆரம்பித்தது. வாசல் தாண்டித் தெருவுக்கே கேட்டது.

அவள் விரலை உதட்டில் வைத்தாள்.

"அவர் தூங்கறார்."

"கொஞ்சம் எழுப்பேன்மா. காலில் வேணும்னாலும் விழறேன்."

"எழுப்ப மாட்டேன்."

"எப்போ எழுந்திருப்பார்?"

"எனக்கென்ன தெரியும்? ஒரு வருஷத் தூக்கம் பாக்கி இருக்கு" என்றாள் அவள். "நில்லுங்க. அவரா எழுந்திருப்பார்."